விளக்கும் சுவரும்: தஞ்சை இராசராசேச்சரத்து உட்சுற்று ஓவியங்களில் ஒளியும் கட்டட வெளியும்

1. முன்னுரை

முதுகலை வகுப்பொன்றில் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. அச்சிட்ட வண்ணப்படம் ஒன்றைக் கையில் வைத்திருந்த மாணவர் ஒருவர், "இதில் மண்டபம் உள்ளது, தூண் உள்ளது, மாந்தர் பலர் உளர். ஆயினும் ஒருவர்க்கேனும் நிழல் இல்லை. ஒளி எப்பக்கத்திலிருந்து வருகின்றது என்பதும் தெரியவில்லை. ஓவியர்க்கு அது கைவரவில்லையா?" என்று வினவினார். அவர் அதற்குச் சில நாள் முன்னர்தான் பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய வீட்டறை ஓவியம் ஒன்றை மேலைநாட்டுக் கலைநூலிற் கண்டிருந்தார். அதில் ஒளி வரும் வழியும், அது தரையில் வீழும் இடமும், வீழாது விட்ட மூலையும் ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றன.

வினா எளியது போலத் தோன்றினும் விடை எளியதன்று. அக்கால ஓவியர் அறியார் எனக் கூறி முடித்தல் பிழை. நம் ஓவியர் அதனினும் மேலானதைச் செய்தனர் எனப் பெருமை பேசி முடித்தலும் பிழையே. இரண்டும் சுவரைக் காணாமற் கூறும் விடைகளாம். ஓர் ஓவியத்தில் ஒளி எவ்வாறு உள்ளது என ஆராய்வதற்கு முன், அவ்வோவியம் எத்தகைய ஒளியில் காணப்படுதற்கு உரியது என ஆராய்தல் வேண்டும்.

இக்கட்டுரையில் யாம் நிறுவ முயலும் கருத்து இதுவே. தஞ்சை உட்சுற்று ஓவியங்களில் ஒளி தீட்டப்படவில்லை. அது காண்பவனின் கையில் வருவதாக விடப்பட்டுள்ளது. அவற்றின் கட்டட வெளியும் ஓரிடத்தில் நின்று நோக்குவார்க்கு அமைந்ததன்று. சுவரை ஒட்டி நடந்து செல்வார்க்கு அமைந்தது. இவ்விரண்டையும் மறந்து அச்சுப்படத்தை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுவோமாயின், இல்லாத குறையை ஏற்றிக் கூறியவராவோம்.

2. இடைகழியும் முற்றமும்

யாம் பிறந்து வளர்ந்த ஊர் குடவாயில். இன்றைய வழக்கிற் குடவாசல். 'குட' என்பது மேற்குத் திசையைக் குறிக்கும் பழஞ்சொல்லாதலின் மேற்கு வாயில் எனப் பொருள் கொள்வாரும், அமுதகுடத்தின் வாய் வீழ்ந்த இடம் என்னும் தலபுராணக் கதையைக் கூறுவாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் ஊரின் பெயர் ஒரு வாயிலைப் பற்றியதே. வாயில் என்பது உள்ளும் புறமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம். ஒளியும் இருளும் சந்திக்கும் இடமும் அதுவே.

காவிரிப் பாசனப் பகுதியின் பழைய வீடுகளை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தெருவில் திண்ணை. திண்ணையைக் கடந்தால் ரேழி எனப்படும் ஒடுங்கிய இடம். இடைகழி என்னும் செந்தமிழ்ச் சொல்லின் திரிபே ரேழி. அதனைக் கடந்தால் கூடமும் தாழ்வாரமும்; அவற்றின் நடுவே வானத்திற்குத் திறந்த முற்றம்; அதன் பின் இரண்டாம் கட்டு; இறுதியிற் கொல்லை. வாயில்கள் பெரும்பாலும் ஒன்றற்கு ஒன்று நேராக அமைந்தமையால், வெயிலிலிருந்து வந்து இடைகழியில் நிற்பவன் முதலில் இருளையும், இருளுக்கு அப்பால் முற்றத்தில் இறங்கும் ஒளியையும், அவ்வொளிக்கு அப்பால் மீண்டும் ஓர் இருளையும் காண்பான். வீட்டின் ஆழம் அவனுக்குத் தெரிவது சுவர்களால் அன்று. இருளும் ஒளியும் அடுத்தடுத்து நிற்கும் முறையால்.

இடைகழியும் விளக்கும் தமிழிலக்கிய வரலாற்றில் ஒருங்கே அறியப்பட்டவை. முதலாழ்வார் மூவரும் மழை பெய்யும் இரவொன்றில் திருக்கோவலூர் இடைகழியிற் கூடினர் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவுமே போதிய அவ்விடத்தில் நான்காமவர் ஒருவர் நெருக்குவதை அவர்கள் உணர்ந்தனர். பொய்கையார் வையத்தை அகலாக்கி ஒரு விளக்கும், பூதத்தார் அன்பை அகலாக்கி ஒரு விளக்கும் ஏற்ற, பேயார் கண்டார். ஒடுங்கிய இடம், இருள், கொண்டுவரப்பட்ட விளக்கு, அதன்பின் காட்சி என்னும் வரிசை இங்கு நோக்கத்தக்கது. சோழ ஓவியர் இக்கதையை எண்ணித் தீட்டினர் என யாம் கூறவில்லை. இருண்ட ஒடுங்கிய இடத்தில் விளக்கொடு காணுதல் என்பது தமிழர்க்குப் பழகிய அனுபவம் என்பதற்கே இதனை எடுத்துக் காட்டினோம்.

3. நெடுநல்வாடை காட்டும் அகம்

கட்டடத்தின் உள்ளிடத்தையும் அதன் ஒளியையும் சொல்லால் தீட்டிய பழைய தமிழ்ப் பாட்டு எது என வினவின், நக்கீரரின் நெடுநல்வாடையையே முதலிற் கூறல் வேண்டும். அப்பாட்டில் அரண்மனை தோன்றுவதே ஒளியால்தான். நண்பகலில் இரு கோல்களை நட்டு அவற்றின் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூலிட்டு அளந்து, மனை வகுக்கின்றனர் நூலறி புலவர். பின்னர்ப் புலவர் நம்மை யானை கொடியொடு புகத்தக்க உயர்ந்த வாயிலின் வழியே அழைத்துச் செல்கின்றார். மணல் பரந்த முற்றத்தைக் காட்டுகின்றார். யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகலில் நெய் நிறைந்து சுடர் எரிவதைக் காட்டுகின்றார். இறுதியிற் பள்ளியறையையும் கட்டிலையும் காட்டுகின்றார். கட்டிலின்மேல் மெழுகு வழித்த விதானத்துணியில் திங்களும் உரோகிணியும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. கணவனைப் பிரிந்த அரசி அவ்வோவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அவள்தானும் வண்ணம் ஏறாது கோட்டளவில் நின்ற ஓர் ஓவியத்தை ஒத்திருக்கின்றாள்.

இங்கு இரண்டு செய்திகள் நமக்கு வேண்டுவன. முதலாவது, அரண்மனையின் வெளி ஒரே நோக்கிற் காட்டப்படவில்லை. புறவாயில் முதல் கட்டில் வரை நடத்திச் செல்லும் முறையால் அது விரிகின்றது. இரண்டாவது, உள்ளிடத்தின் ஒளி ஞாயிற்றின் ஒளியன்று, விளக்கின் ஒளி. வாடைக்காலத்து முகில் ஞாயிற்றை மறைத்தமையால், தட்டிலிட்ட பித்திக அரும்பு விரியும் மணத்தைக் கொண்டே மகளிர் மாலைப்பொழுதை அறிந்து விளக்கேற்றுகின்றனர் என அப்பாட்டு முன்னரே கூறியுள்ளது. பாட்டின் முடிவில் பாசறையிலுள்ள விளக்குகளின் சுடர்கள் வடகாற்று வீசுந்தோறும் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. கணந்தோறும் அசையும் ஒளியைத் தமிழ்ப் புலவர் நுணுகிக் கண்டவர் என்பதில் ஐயமில்லை. ஆதலின், ஒளியின் நிலையாமையை நம் முன்னோர் நோக்கவில்லை எனும் கூற்று நிற்காது. சொல்லில் அமைந்த அது சுவரில் ஏன் அமையவில்லை என்பதே வினாவாதல் வேண்டும்.

4. மோனேயின் வீட்டறை

மாணவர் கண்ட ஓவியம் 1875ஆம் ஆண்டு கிளாடு மோனே தீட்டியது. பாரிசுக்கு அணித்தான அர்சாந்தேய் என்னும் ஊரில் அவர் குடியிருந்த வீட்டின் உட்புறம் அதிற் காட்டப்படுகின்றது. இன்று அது பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. 1874ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மோனேயும் தோழரும் தம் ஓவியங்களைத் தனியே காட்சிக்கு வைத்தபோது, அவருடைய ஞாயிற்றெழுச்சி ஓவியத்தின் பெயரைப் பற்றிக்கொண்டு இதழாளர் ஒருவர் எள்ளலாக இட்ட பெயரே 'இம்பிரசனிசம்'. அதனை மனப்பதிவு நெறி எனத் தமிழிற் கூறலாம். பொருளின் நிலைத்த வடிவத்தைவிட, ஒரு பொழுதில் ஓர் ஒளியில் அது கண்ணிற் படும் தோற்றத்தைப் பற்றுவதே அந்நெறியாரின் நோக்கம். அவர்தம் புகழ் பெரிதும் ஆற்றங்கரையும் தோட்டமும் தெருவும் பற்றியது. வீட்டின் உள்ளே புகுந்து அவர்கள் ஒளியைத் தேடிய ஓவியங்களில் இதுவும் ஒன்று.

ஓவியத்தின் முன்புறத்தில் இருமருங்கும் திரைச்சீலைகளும் தொட்டிச் செடிகளும் நிற்கின்றன. அவை வாயிலின் நிலைக்கால்கள் போல நம் பார்வையை உள்ளே செலுத்துகின்றன. நடுவே மெருகேற்றிய மரத்தளத்தின்மேல் ஒரு சிறுவன் நிற்கின்றான். அவன் மோனேயின் மகன் இழான். பின்னே மேசையருகில் ஒரு பெண் அமர்ந்திருக்கின்றாள். மேலே ஒரு விளக்குத் தொங்குகின்றது, ஆனால் எரியவில்லை. ஒளி முழுதும் பின்புறச் சன்னலிலிருந்து வருகின்றது. அது சிறுவனின் முகத்தை விளக்காது பின்னிருந்து வருதலின் அவன் பெரும்பாலும் நிழலுருவாகவே நிற்கின்றான். ஒளி விளக்குவது தரையை. மெருகிட்ட தளம் நீர்ப்பரப்புப் போல அவ்வொளியை வாங்கி நம்மிடம் திருப்புகின்றது. நிழல் கருமையாகத் தீட்டப்படாமல் நீலமாகத் தீட்டப்பட்டுள்ளது.

இடைகழியில் நின்று முற்றத்து ஒளியைக் கண்டு பழகிய நம்மவர்க்கு இவ்வோவியம் அயலானதன்று. ஆயினும் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். இங்குக் காண்பவனுக்கு ஓரிடம் வகுக்கப்பட்டுள்ளது. திரைச்சீலைகளுக்கு இப்பால், அறையின் வாயிலில், அவன் நின்றே ஆதல் வேண்டும். பொழுதும் வகுக்கப்பட்டுள்ளது, பகலொளி குறைந்தால் அவ்வோவியத்துள் அவ்வறையே இல்லை. ஏறத்தாழ 81 செண்டிமீட்டர் உயரமும் 60 செண்டிமீட்டர் அகலமும் உடைய துணி அது. எவ்வறையின் சுவரிலும் மாட்டலாம். எங்கு மாட்டினும் தன் ஒளியைத் தானே உடன் கொண்டு செல்லும். இடம் மாறும் ஓவியத்திற்கு அது வேண்டப்படும் ஆற்றலே. இடம் மாறாச் சுவரோவியத்திற்கும் அதுவே வேண்டும் எனக் கொள்ளுதற்குக் காரணம் இல்லை.

5. உட்சுற்றின் அமைப்பு

முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இராசராசேச்சரத்தின் விமானம் உள்ளும் புறமுமாக இரட்டைச் சுவர் உடையது. கருவறையைச் சூழ்ந்த உட்சுவருக்கும் புறச்சுவருக்கும் இடையே ஒடுங்கிய சுற்று வழி ஒன்று செல்கின்றது. சாந்தாரம் என நூல்கள் கூறும் இவ்வமைப்பே விமானத்தின் பெரும்பொறையைத் தாங்குதற்குத் துணை செய்வது. கீழ்த்தளச் சுற்றின் சுவர்களில் ஓவியங்கள் உள. மேல்தளச் சுற்றில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் உள. நூற்றெட்டுள் எண்பத்தொன்றே அங்கு முற்றுப்பெற்றன. குடவாயிலைத் தம் பெயரிற் கொண்ட வரலாற்றறிஞர் குடவாயில் பாலசுப்பிரமணியன் 'இராஜராஜேச்சரம்' என்னும் நூலில் இக்கோயிலை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆதலின் அமைப்பினை மேலும் விரித்துரையாமல் நம் பொருளுக்கு வேண்டுவனவற்றை மட்டும் கூறுவோம்.

கீழ்ச்சுற்று இருண்டது. சுவரோவியத்திலிருந்து சில அடிகளுக்கு மேல் விலகி நிற்றற்கு இடம் இல்லை. முதுகுப்புறத்தில் மற்றொரு சுவர் நிற்கும். நாயக்கர் காலத்தில் இச்சுவர்களின்மேல் புதிய பூச்சிட்டு வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டமையால் சோழர் ஓவியங்கள் மறைந்தன. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் எசு. கே. கோவிந்தசாமி விளக்கொடு இவ்விருளிற் புகுந்து, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த பழைய ஓவியத்தைக் கண்டார். தொல்லியல் துறையினர் பிற்காலத்தில் நாயக்கர் ஓவியப் படலத்தைச் சிதையாமற் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் அமைத்து, கீழ்ப்படலத்தைப் பல இடங்களில் வெளிப்படுத்தினர். இருகாலத்து ஓவியங்களும் இவ்வாறு காக்கப்பட்டமை போற்றத்தக்கது.

சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் எசு. பரமசிவன் 1930களில் இவற்றின் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்து, ஈரச் சுண்ணப்பூச்சின்மேல் தீட்டும் முறையால் அமைந்தவை எனக் கூறினார். ஈரம் உலருமுன் வண்ணம் இட்டால் அது சுண்ணத்தொடு சுண்ணமாக இறுகிவிடும். உலர்ந்தபின் திருத்த இயலாது. ஆகவே ஒரு நாளிற் பூசிய பகுதியை அந்நாளிலேயே முடித்தல் வேண்டும். கை தயங்குதற்கு இடமில்லாத தொழில் இது. காவிக்கற்களின் மஞ்சளும் சிவப்பும், சுண்ணத்தின் வெண்மை, கரியின் கருமை ஆகியவை இவ்வோவியங்களின் முதன்மை வண்ணங்கள். இத்தகைய இருண்ட வழியில் ஓவியன் விளக்கின் துணைகொண்டே தொழில் செய்திருத்தல் வேண்டும் எனக் கருதுதல் பொருந்தும். அவ்வாறாயின், தான் இடும் வண்ணம் எவ்வொளியிற் காணப்படும் என்பதை அவன் நன்கு அறிந்தே இட்டான்.

6. சுவரில் எழுந்த கட்டடங்கள்

மேற்குப் பக்கத்திலுள்ள சுந்தரர் வரலாற்று ஓவியத்தை முதலில் நோக்குவோம். கீழ்ப்பகுதியில் திருமணக்கூடம் காட்டப்படுகின்றது. முதியவர் ஒருவர் ஓலையைக் கையிற் கொண்டு நிற்கின்றார். கூடியிருந்தோர் வியப்பும் சினமும் தோன்ற அவரை நோக்குகின்றனர். அடிமை ஓலை காட்டித் திருமணத்தைத் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சி இது என்பது வெளிப்படை. அதற்கு மேலே கூரை வேய்ந்த கோயில் ஒன்று. அது திருவஞ்சைக்களம் என அறிஞர் கருதுவர். அதற்கும் மேலே சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை நோக்கி விரைகின்றனர். உச்சியில் புலித்தோலின்மேல் அமர்ந்த சிவபெருமான் முன்னிலையில் ஆடல் நிகழ்கின்றது.

அச்சுப்படத்தில் இவையனைத்தும் ஒருங்கே தெரிகின்றன. அதனால், அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன, ஆழம் காட்டப்படவில்லை என்னும் குறை எழுகின்றது. கையில் விளக்கொடு அச்சுவரின் முன் நிற்பவனை எண்ணிப் பார்ப்போம். முதலில் அவன் காண்பது கண்ணுக்கு நேரேயுள்ள திருமணக்கூடத்தையே. மேற்பகுதி இருளில் உள்ளது. அவன் விளக்கை உயர்த்த உயர்த்தக் கோயிலும், வான்வழிச் செலவும், கயிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. திருமணக்கூடத்தில் தொடங்கிய சுந்தரர் வாழ்வு கயிலையில் முடிகின்றது. கதை ஏறும் வழியும் விளக்கு ஏறும் வழியும் ஒன்றே. இவ்வோவியத்தின் ஆழம் சுவருக்கு உள்ளே செல்வதன்று, மேலே செல்வது. இதனை ஓவியர் திட்டமிட்டுச் செய்தனர் என அறுதியிட்டுக் கூறச் சான்று இல்லை. ஆயினும் அவ்விடத்தில் ஓவியம் செயற்படும் முறை இதுவே.

அடுத்துத் தில்லைக் கூத்தனின் அவை தீட்டப்பட்ட சுவர். கட்டடத்தின் உள்ளிடத்தைக் காட்டும் ஓவியம் எனச் சோழர் ஓவியங்களுள் ஒன்றைச் சுட்ட வேண்டின் இதனையே சுட்டலாம். சரிந்த கூரையுடைய அவையினுள் ஆடவல்லான் பேருருவாக ஆடுகின்றான். அரசனும் அரசியரும் பரிவாரமும் வழிபட்டு நிற்கின்றனர். அவ்வரசன் இராசராசனே என்பர். இதில் கூரையின் புறமும் தெரிகின்றது. அவையின் அகமும் தெரிகின்றது. புறத்தே நிற்பவன் அகத்தைக் காண இயலாது, அகத்தே நிற்பவன் கூரையைக் காண இயலாது. இரண்டையும் ஒருங்கே காட்டும் இவ்வோவியத்தில் காண்பவனுக்கு ஓரிடம் வகுக்கப்படவில்லை. அவன் வெளியே நின்று கோயிலை அறிந்தவனும் உள்ளே சென்று வழிபட்டவனும் ஆவான். அவ்விரு அறிவையும் ஓவியன் ஒன்றாக்கித் தருகின்றான். மோனேயின் அறை ஒருவன் ஒரு பொழுதிற் கண்டது. இவ்வவை பலர் பன்முறை சென்று அறிந்தது.

உருவங்களின் திரட்சி இங்கு இல்லாமற் போகவில்லை. உறுப்புகளின் விளிம்பில் வண்ணத்தைச் சற்றே மிகுத்தும் நடுவிற் குறைத்தும் உடலின் உருட்சியைக் காட்டும் முறை இந்திய ஓவிய மரபிற் பழையது. விட்டுணு தருமோத்தரத்தின் சித்திரசூத்திரம் இதனை வர்த்தனை என வகுத்துரைக்கின்றது. இத்திரட்சி ஒரு பக்கத்திலிருந்து வீழும் ஒளியைச் சாராதது, உடலுக்கே உரியது. ஆகவே விளக்கு எப்பக்கத்திலிருந்து வரினும் உருவம் மாறுபட்டுத் தோன்றுவதில்லை. ஓவியன் இடமிருந்து வீழும் ஒளியைத் தீட்டியிருப்பின், வலமிருந்து விளக்கொடு வருபவனுக்குத் தீட்டிய ஒளியும் கையிலுள்ள ஒளியும் முரணியிருக்கும்.

வண்ணங்களும் இதற்கு இயைந்தன. நெய்ச்சுடரின் ஒளி மஞ்சளும் செம்மையும் மிக்கது. அவ்வொளியில் மஞ்சட்காவியும் செங்காவியும் எழுச்சி பெறும். பசுமையும் நீலமும் அடங்கும். சுண்ண வெண்மை பொன்னிறம் கொள்ளும். உடல்களும் அணிகளும் முன்னே வர, பின்னணி பின்னே ஒதுங்கும். வெண்ணிற மின்னொளியில் எடுத்த படத்தில் இவ்வேறுபாடு மறைந்து, எல்லா வண்ணங்களும் ஒரே தளத்தில் நிற்கின்றன.

7. அளந்து தந்த ஒளி

இராசராசன் காலத்தார் ஒளியை எத்துணை அருமையாகக் கருதினர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டும். நந்தாவிளக்கு ஒன்றற்கு நாள்தோறும் உழக்கு நெய் அளத்தற்பொருட்டு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ விடப்பட்டன. இடையர் அவற்றைப் பேணிக் குறைவின்றி நெய் அளந்தனர். ஆடுகள் இறப்பினும் கன்றுகளால் எண்ணிக்கை நிரம்பி நிற்றலின் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. உழக்கு என்பது நாழியிற் காற்கூறு. அச்சிறு அளவு நெய் ஒரு நாள் எரிதற்கு ஒரு மந்தையே பின்னின்றது. அக்கோயிலின் அளவைக்கருவிகள் 'ஆடவல்லான்' என்னும் பெயர் பூண்டிருந்தன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுவரில் ஆடும் இறைவனின் பெயரே விளக்குக்கும் விழாவுக்கும் பொருள் அளந்த கருவியின் பெயருமாயிற்று.

சுடர் ஒன்றற்கு இத்துணை ஏற்பாடு வேண்டிய காலத்தில், ஒளி என்பது யாண்டும் பரந்து கிடக்கும் ஒன்றன்று. அது ஒருவர் கொடுக்க வருவது; வந்த அளவிற்குக் காட்டுவது. உட்சுற்றில் நிலையான விளக்குகள் இருந்தன எனக் கூறுதற்கு யாம் துணியவில்லை. அங்குச் செல்வோர் ஒளியை உடன் கொண்டு சென்றனர் என்பதே இடத்தின் இயல்பால் உய்த்துணரத்தக்கது.

8. ஒரு தடையும் விடையும்

இதற்கு ஒரு தடை எழக்கூடும். நிழலைத் தீட்டாமை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. இந்தியச் சுவரோவியங்கள் பலவற்றிற்கும் பொது. குடவாயிலுக்கு அண்மையிலுள்ள திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில், மேற்கூரையின் அடிப்புறத்தில் முசுகுந்தன் வரலாறு தீட்டப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வோவியங்களைத் தீட்டிய சிங்காதனம் என்பாரின் பெயரும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. அம்மண்டபம் பக்கங்கள் திறந்தது, பகலொளி உட்புகுவது. அங்கும் ஓவியத்தில் நிழல் இல்லை. அங்ஙனமாயின் இருளும் விளக்கும் காரணம் என்பது எவ்வாறு பொருந்தும் என வினவலாம்.

இத்தடை வலியுடையதே. நிழலின்மை இருளினால் விளைந்தது என யாம் கூறின் அது பிழையாகும். நிழலின்மை மரபினால் வந்தது; மரபு இடந்தோறும் வேறுவேறு வகையிற் பயன்பட்டது என்பதே எம் கருத்து. திருவாரூரில் ஒளி பக்கங்களிலிருந்து புகுந்து தரையிற் பட்டு மேலே தெறிப்பது. காண்பவன் அண்ணாந்து நடப்பவன். அதற்கு ஏற்பக் கதை நீண்ட பட்டைகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. எழுத்தைப் படிக்கும் அளவு ஒளி அங்கு உண்டு. ஆகவே எழுத்தும் உண்டு. தஞ்சையில் கதை பட்டைகளாக ஓடாமல் பெருஞ்சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றது. காண்பவன் நின்று விளக்கை உயர்த்துபவன். மரபு ஒன்றாக இருக்க, ஒளியும் இடமும் வேறுபடுதலின் அமைப்பு வேறுபட்டது. இவ்வேறுபாடே ஓவியர் தம் கட்டடத்தை உணர்ந்து தீட்டினர் என்பதற்குச் சான்றாகும்.

9. அச்சுப்படம் தரும் ஒளி

இன்று உட்சுற்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. மூச்சின் ஈரமும் விளக்கின் புகையும் ஓவியங்களுக்குக் கேடு செய்வன. ஆதலின் அக்காப்பு தக்கதே. இதன் விளைவாக ஆராய்வார் பெரும்பாலோர்க்கு ஓவியம் என்பது அச்சுப்படமாகவே உள்ளது. ஒடுங்கிய வழியில் நின்று பெருஞ்சுவர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க இயலாமையால், பகுதி பகுதியாக எடுத்து இணைத்தே முழுப்படம் செய்யப்படுகின்றது. அப்படம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. எனினும் அது காட்டும் காட்சியை அவ்வழியில் நின்ற எவனும் என்றும் கண்டதில்லை. ஓரிடத்தில் நின்று, ஒரே ஒளியில், முழுவதையும் காண்பது போன்ற அத்தோற்றம் படமெடுத்த முறையால் உண்டானது. அத்தோற்றத்தை ஓவியமெனக் கொண்டு, ஒருபுள்ளி நோக்கும் வீழொளியும் அதில் இல்லை எனக் குறைகூறுதல், பாட்டை உரைநடையாக்கிப் படித்துவிட்டு ஓசை இல்லை எனக் குறைகூறுதலை ஒக்கும்.

காப்பும் காட்சியும் ஒருங்கே அமைதற்கு வழி உண்டு. பிரான்சு நாட்டில் 1940ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட இலாசுகோ குகையோவியங்கள், காண்போர் கூட்டத்தாற் கேடுறத் தொடங்கியமையால் 1963இல் குகை மூடப்பட்டது. 1983இல் அதன் அருகே குகையின் முதன்மைப் பகுதிகளை அவ்வளவிலேயே படியெடுத்து அமைத்த இடம் திறக்கப்பட்டது. தஞ்சை உட்சுற்றின் ஒரு பகுதியையேனும் அதே அகலத்தில், அதே உயரத்தில், இரு சுவர்களொடு அவ்வாறு அமைத்து, சுடரின் நிறமுடைய சிறு விளக்கொன்றைக் காண்போர் கையிற் கொடுத்தல் இயலாததன்று. படத்தைச் சுவரில் மாட்டுதல் போதாது. வழியையும் இருளையும் சேர்த்துப் படியெடுத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் இதில் முன்னிற்றல் நன்று.

10. முடிவுரை

மாணவரின் வினாவிற்கு இனி விடை கூறலாம். மோனே ஒளியைத் தீட்டினார். அதனைக் காண்பதற்கு உரிய இடத்தையும் பொழுதையும் ஓவியத்தினுள்ளேயே வகுத்தார். சோழ ஓவியன் உருவத்தையும் கதையையும் தீட்டி, ஒளியைக் காண்பவனுக்கு விட்டான். இடத்தை அவன் காலுக்கு விட்டான். ஒன்று மற்றொன்றினும் தாழ்ந்ததன்று. இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கனவும் அல்ல. நெடுநல்வாடையில் வாயில் முதல் கட்டில் வரை நம்மை நடத்திச் சென்ற முறையே தஞ்சைச் சுவரிலும் தொடர்கின்றது எனலாம். இலக்கியம் கற்பார் ஓவியத்தையும் கற்றற்கு இஃது ஒரு காரணம்.

அம்மாணவரிடம் யாம் அன்று விடை கூறவில்லை. வகுப்பு முடிந்தபின் அச்சுப்படத்தை இருண்ட அறையொன்றிற்கு எடுத்துச் சென்று, அகல்விளக்கு ஒன்றை ஏற்றி, கீழிருந்து மேலாக அதனை நகர்த்திக் காட்டுமாறு மட்டும் கூறினோம். அவர் அவ்வாறு செய்து, திருமணக்கூடத்திலிருந்து கயிலை வரை விளக்கைக் கொண்டு சென்றார். படம் சிறிது, தாள் வழவழப்பானது, சுவரின் இயல்பு அதில் இல்லை. எனினும், நிழல் எங்கே என அவர் மீண்டும் வினவவில்லை, "மேலே இன்னும் என்ன உள்ளது?" என்றே வினவினார்.